மவுஸ் யார் கையில்?

ஒரு கணினி, அதன் முன்னால் ஐந்தாறு பிள்ளைகள், ஒரே ஒரு மவுஸ். 2000களின் நடுப்பகுதியில் கர்நாடகக் கிராமப்புறப் பள்ளிகளுக்குச் சென்ற ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி இது. மவுஸைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் ஒரு பையன். வகுப்பிலேயே வயதில் மூத்தவனாக இருப்பான், அல்லது ஊரில் செல்வாக்குள்ள சாதியைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளையாக இருப்பான். மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் இன்னும் பின்னால் நிற்பார்கள். கல்வித் துறையின் கணக்கில் கணினி வழியாகக் கற்றவர்கள் என்று இவர்கள் எல்லோரின் பெயரும் ஏறிவிடும்.

இந்தக் காட்சியை ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றியவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். 2005 ஜனவரியில் சதாசிவநகரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய பி. ஆனந்தனுடன் வந்து சேர்ந்தவர் கென்டாரோ டொயாமா. ஏழை நாடுகளின் அன்றாடத்துக்குக் கணினியால் என்ன செய்ய முடியும் என்று பார்ப்பதற்காக அவர் தனியே ஒரு குழுவை அமைத்தார். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை அரசுப் பள்ளிகளில் நடத்திவந்த கணினி வழிக் கற்றல் மையங்களை ஜோயோஜீத் பாலும், உதய் சிங் பவாரும் கவனித்தார்கள். பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கித்தர எந்த மாநில அரசாலும் முடியாது என்பது தெளிவாக இருந்தது. மவுஸ் மலிவான பொருள். அப்படியானால் ஒரே கணினியில் ஐந்து மவுஸை ஏன் செருகக் கூடாது? திரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில் அம்புக்குறி. சிவப்பு ஒருத்திக்கு, நீலம் ஒருவனுக்கு.

யோசனை எளியது. அதைச் சோதித்த விதத்தில்தான் அருமை இருக்கிறது. கிராமப்புற எளிய குடும்பங்களைச் சேர்ந்த 238 பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் ஒரு விளையாட்டு தரப்பட்டது. சிலர் தனியாக ஒரு கணினியில் அமர்ந்தார்கள். சிலர் குழுவாக ஒரே மவுஸுடன். சிலர் ஐந்து பேராக ஐந்து மவுஸுடன். இந்தக் கடைசி அமைப்பிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்றில், முதலில் சரியான விடையை அழுத்துபவரோடு கேள்வி முடிந்து அடுத்தது வந்துவிடும். மற்றதில், எல்லோரும் சரியான விடையை அழுத்தினால்தான் திரை நகரும். முடிவுகள் 2007இல் வெளியாயின. ஐந்து மவுஸ் வைத்த கணினியில் ஒரு பிள்ளை கற்ற சொற்களின் அளவு, தனிக் கணினியில் அமர்ந்த பிள்ளை கற்ற அளவுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தது. பெண் பிள்ளைகள் எந்த அமைப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவு கற்றார்கள். பையன்களின் கற்றல் மட்டும் விளையாட்டின் விதிக்கேற்ப மாறியது. போட்டி என்று வைத்தால் படிக்காமல் கண்டபடி அழுத்தினார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நகரும் என்று வைத்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்.

கணினி அதுவே, சொற்கள் அவையே, பிள்ளைகளும் அதே ஊர்களின் பிள்ளைகள். மாறியது மென்பொருளுக்குள் இருந்த ஒரு விதி. கற்றல் கருவியைப் பற்றி நம் அரசுகள் கேட்கும் கேள்விகளில் அந்த விதி இடம்பெறுவதே இல்லை. எத்தனை கணினி, எத்தனை திரை, எத்தனை பள்ளி என்ற கணக்கோடு டெண்டர் முடிந்துவிடுகிறது. யாருக்கு முறை வருகிறது, எதை எடுத்துவிட்டு இதை வைக்கிறோம், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. கடந்த கால் நூற்றாண்டில் பெங்களூரைச் சுற்றி நடந்த முயற்சிகளைப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள்தான் வெற்றியையும் தோல்வியையும் பிரித்திருக்கின்றன என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

பல மவுஸ் கண்டுபிடிப்பு மைக்ரோசாஃப்டின் மென்பொருளாகவே வெளிவந்தது. ஆனால் சோதனை நடந்த அறையைத் தாண்டி அது பள்ளிகளில் வேரூன்றவில்லை. டொயாமா அதைப் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். கணினி பழுதானால் பார்க்க ஆள் இல்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லை. தலைமையாசிரியருக்கு அதில் அக்கறை இல்லை. ஆய்வாளர்கள் கூடவே இருந்தவரை நடந்தது, அவர்கள் கிளம்பியதும் நின்றது. தொழில்நுட்பம் ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கும் மனிதத் திறனையும் நோக்கத்தையும் பெருக்கிக் காட்டுமே தவிர, இல்லாததை உண்டாக்காது என்ற முடிவுக்கு அவர் வந்தார். 2015இல் அதை ஒரு நூலாகவும் எழுதினார்.

இதே முடிவுக்கு நகரத்தின் மற்றொரு பெரிய நிறுவனம் அவருக்கு முன்பே வந்துவிட்டது. அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை தன் தொடக்க ஆண்டுகளில் கணினி வழிக் கற்றலில் ஊக்கத்தோடு இறங்கியது. பல இந்திய மொழிகளில் பாடக் குறுந்தகடுகளைத் தயாரித்து மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. மென்பொருள் வணிகத்தில் பொருளீட்டிய ஒருவரின் அறக்கட்டளை கணினியை நம்பியது இயல்பு. ஆனால் 2010 டிசம்பரில் மிண்ட் நாளிதழில், அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அனுராக் பெஹர், கல்வியில் கணினித் தொழில்நுட்பத்தின் எல்லைகளைப் பற்றி எழுதினார். இந்தக் கவர்ச்சி நம்மை உண்மையான சிக்கல்களிலிருந்து திசைதிருப்புகிறது, ஆசிரியரைத் தயார்செய்வதற்கு மாற்று எதுவும் கிடையாது என்பது அவர் வாதம். அறக்கட்டளையின் உழைப்பு பிறகு ஆசிரியர் பயிற்சிக்கும், மாவட்டங்களில் நிரந்தரமாகத் தங்கி வேலைசெய்யும் அமைப்புகளுக்கும், ஒரு பல்கலைக்கழகத்துக்கும் திரும்பியது. ஒரு பெரிய நிறுவனம் தான் பணம் போட்ட வழியைத் தானே கேள்விக்கு உட்படுத்தியது நம் பொதுவாழ்வில் அபூர்வம். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அதோடு கதையை முடித்துவிட்டால் உண்மையின் பாதி விடுபட்டுவிடும். பெங்களூரில் இஸ்ரோவும் இருக்கிறது.

1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, இந்தியா ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊர் மக்களுக்கு. கர்நாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டங்கள் அதில் இருந்தன. பேருந்து எப்போதாவது வரும் ஊர்களில், கோழிவலைக் கம்பியால் செய்த அலைவாங்கிகளைப் பொருத்தி, கன்னடத்தில் அறிவியல் பாடம் காட்டினார்கள். அந்த முயற்சியில் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியும் இருந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோள், எடுசாட், ஏவப்பட்டது. அதன் தொடக்க வெள்ளோட்டங்களில் ஒன்று விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு. மற்றொன்று சாமராஜநகர் மாவட்டத்தில் 800க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு. சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் வரும் மாவட்டம் அது. அங்கே ஆசிரியர் மாற்றல் கேட்டுப் போவார், போன இடத்துக்கு அடுத்தவர் வர ஆண்டுகள் ஆகும்.

எடுசாட் 2010இல் ஓய்வுபெற்றது. செயற்கைக்கோள் வழிப் பாடம் என்ற எண்ணம் ஓயவில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் கோபால் நாயக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கர்நாடகத்தின் 1,823 கிராமப்புற அரசுப் பள்ளிகளில் சீட்டுக் குலுக்கும் முறையில் ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமான வகுப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை, தொழில்நுட்பம் வழியாக வரும் பாடம் எடுத்துக்கொண்டது. மீதி இரண்டு பங்கு வழக்கம்போல அந்தந்த ஆசிரியரிடம். 2020இல் வெளியான முடிவு தெளிவானது: பிள்ளைகளின் கற்றல் கூடியது.

மூன்றில் ஒரு பங்கு என்ற அளவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதன் பொருள் குஜராத்தில் நடந்த இன்னொரு ஆய்வோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். பொருளியலாளர் லீ லிண்டன், கியான் சாலா என்ற தன்னார்வ அமைப்பின் பள்ளிகளில் கணக்கு மென்பொருள் ஒன்றைச் சோதித்தார். சில பள்ளிகளில் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்துக் கணினி முன் உட்கார வைத்தார்கள். வேறு சில பள்ளிகளில் வகுப்பு முடிந்த பிறகு உட்கார வைத்தார்கள். வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்ட இடத்தில் பிள்ளைகள் இழந்தார்கள். நூறு பேரில் சரியாக நடுவில் நின்றிருக்க வேண்டிய பிள்ளை கீழிருந்து 28ஆம் இடத்துக்கு இறங்கும் அளவுக்கு இழப்பு. பள்ளிக்குப் பிறகு கூடுதலாகக் கொடுத்த இடத்தில் அதே பிள்ளை 61ஆம் இடத்துக்கு ஏறும் அளவுக்கு ஆதாயம். மென்பொருள் ஒன்றே. கியான் சாலாவில் ஏற்கெனவே நல்ல வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைத்தபோது நல்லது போய்ச் சுமாரானது வந்தது. கணக்கு வாத்தியார் பணியிடமே காலியாக இருக்கும் ஒரு பள்ளியில் திரையில் ஒரு நல்ல ஆசிரியர் வந்தால், எடுத்துவிட அங்கே எதுவும் இருக்காது.

ஆகவே ஒரு கருவி நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் அந்த அறையில் வேறு என்ன நடந்திருக்கும் என்று கேட்க வேண்டும். சாமராஜநகரில் ஒரு விடை கிடைக்கும், பெங்களூரின் ஜெயநகரில் வேறு விடை கிடைக்கும். ஒரே உத்தரவில் இரண்டுக்கும் ஒரே திரையை அனுப்பும் அரசுக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை.

பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் இதுவே எல்லாவற்றிலும் ஆழமானது. இதற்கான விடையைப் பெங்களூரைச் சுற்றியுள்ள பகுதி கணினி இல்லாமலே கண்டுபிடித்திருந்தது.

ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலிப் பள்ளி நடத்திய ஊரகப் பள்ளிகளில் ஓராசிரியர் பல வகுப்புகளை ஒன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஓர் ஏணியாக அடுக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியிலிருந்து தன் வேகத்தில் ஏறும். 1995இல் மைசூரு மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டையின் ஆசிரியர்கள் அதைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்து 'நலி-கலி' என்று பெயரிட்டார்கள். ஆடிப்பாடிக் கற்பது என்று பொருள். பிறகு அது மாநிலம் முழுவதும் கீழ்வகுப்புகளுக்குப் பரவியது. 2003இல் சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் அதே வழிமுறை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, செயல்வழிக் கற்றலாகத் தமிழகமெங்கும் பரவியது. கற்றல் ஏணி, மைல்கல், அட்டை என்ற சொற்கள் நம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சாயின. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது அந்த மரபின் தொடர்ச்சிதான்.

இந்த முறையில் ஆசிரியரின் சுமை கடுமையானது. முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்கும்போது யார் எங்கே என்று நினைவில் வைத்து, அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்து, தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது ஒரு மனிதருக்குப் பெரிய வேலை. கணினி உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுதான். எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'மைண்ட்ஸ்பார்க்' அந்த வேலையைச் செய்கிறது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருந்தாலும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் தெரியும் என்றால் ஐந்திலிருந்தே தொடங்கும். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2015-16இல் டெல்லியில் 619 மாணவர்களை வைத்து அதைச் சோதித்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக வளர்ந்திருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தையே நடத்திக்கொண்டிருந்தார்கள். பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் நாலரை மாதம் படித்ததில், கணக்கில் நடுநிலைப் பிள்ளை நூற்றில் 64ஆம் இடத்துக்கு ஏறும் அளவு முன்னேற்றம் தெரிந்தது.

அந்த மையங்களில் ஒவ்வொரு வகுப்பும் ஒன்றரை மணி நேரம்; அதில் பாதியை மட்டுமே பிள்ளைகள் மென்பொருளோடு கழித்தார்கள். மறுபாதியில் ஓர் உதவி ஆசிரியர் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். விளம்பரங்களில் இந்தத் தகவல் வருவதில்லை. கர்நாடகமும் தமிழகமும் வாங்கிக் குவிக்கும் திறன்மிகு வகுப்பறைத் திரைகளில் பெரும்பாலும் வகுப்புக்கு ஏற்ற பாடக் காணொளிதான் ஓடுகிறது. நாலரை வகுப்பு பின்தங்கிய பிள்ளைக்கு அது கரும்பலகையில் புரியாத பாடத்தை வண்ணத்தில் காட்டுவதாகவே முடியும். நலி-கலி அட்டையில் இருந்த அறிவு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள திரையில் இல்லாமல் போனது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

ஆசிரியரைச் சுற்றிப்போகும் வழியை அரசுகள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2000களில் கர்நாடகம் உட்படப் பல மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளிக் கணினி ஆய்வகங்களைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. நிறுவனம் கணினிகளைக் கொண்டுவந்து வைக்கும், குறைந்த சம்பளத்தில் ஒரு பயிற்றுநரை அமர்த்தும், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் பள்ளியிடம் விட்டுவிட்டுப் போகும். இந்த ஏற்பாட்டில் கணக்கு ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் அந்த அறையோடு எந்த உறவும் இல்லை. சாவி பயிற்றுநரிடம். ஒப்பந்தம் முடிந்தால் பயிற்றுநரும் இல்லை.

பக்கத்து மாநிலமான கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் வேறு வழியில் போனது. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்சியாளர்களை உருவாக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் உரிமக் கட்டணத்தில் பெரும்பணம் மிஞ்சியது, பழுதுபார்க்கும் திறனும் ஆசிரியர்களிடமே வந்தது. பெங்களூரைச் சேர்ந்த ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பின் குருமூர்த்தி காசிநாதன் 2009இல் இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். வெளியாளிடம் ஒப்படைத்த முறை ஆசிரியரை ஒதுக்கியது, உள்ளிருந்தே வளர்த்த முறை அவரை வளர்த்தது என்பது அவர் முடிவு. எழுதியதோடு நிற்காமல் 2011இல் கர்நாடக அரசின் ஆசிரியர் கல்வித் துறையோடு சேர்ந்து பாட ஆசிரியர் மன்றங்களைத் தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் கட்டற்ற மென்பொருள்களைக் கற்று, ஜியோஜெப்ராவில் தாங்களே வடிவியல் படங்களை வரைந்து, கன்னடத்தில் பாடப்பொருள்களை எழுதி, திறந்த களஞ்சியமாகச் சேர்த்தார்கள். வட்டத்தின் தொடுகோட்டை அசைத்துக் காட்டும் ஒரு படத்தைத் தானே செய்த ஆசிரியருக்கும், வந்திறங்கிய குறுந்தகட்டை ஓட விட்ட ஆசிரியருக்கும் வகுப்பில் நிற்கும் தன்மையே வேறாக இருக்கும்.

பெருந்தொற்று இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டது. 2020 ஜூனில் கர்நாடக அரசு சிறு பிள்ளைகளுக்கான இணையவழி வகுப்புகளைத் தடைசெய்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. வசதியுள்ள வீட்டின் நான்கு வயதுப் பிள்ளை மடிக்கணினி முன் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று நகரம் விவாதித்துக்கொண்டிருந்தபோது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் அந்த ஆண்டு ஐந்து மாநிலங்களில் எடுத்த ஆய்வில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகளால் இணையவழிக் கல்வியை எட்ட முடியவில்லை. 2021 தொடக்கத்தில், கர்நாடகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைப் பார்த்ததில், 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். கணக்கில் இந்த அளவு 82 விழுக்காடு.

கர்நாடகத்து ஆசிரியர்கள் 2020 ஆகஸ்டில் 'வித்யாகம' என்ற பெயரில் கோயில் முற்றத்திலும் மரத்தடியிலும் பிள்ளைகளைச் சிறு கூட்டமாகச் சேர்த்துப் பாடம் நடத்தினார்கள். தொற்று அச்சத்தால் அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. தமிழகத்தில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தெருவிலேயே இருந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்தார்கள். கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறையக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாகவும் கண்டது. அதே ஆண்டுகளில் பெங்களூரில் தலைமையிடம் கொண்ட பைஜூஸ் உலகின் மிக அதிக மதிப்புள்ள கல்வி நிறுவனமாகி, 2022இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டு, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. பெற்றோரின் பதற்றத்தை விற்ற அந்த வணிகத்தைவிட, தெரு முனையில் பாய் விரித்து உட்கார்ந்த அக்காக்களைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு கைபேசி எங்கும் வந்துவிட்டது. ஆனால் மவுஸ் யார் கையில் என்ற பழைய கேள்வி புது உருவில் தொடர்கிறது. ஊரகக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஊரகத்தில் 14 முதல் 16 வயதுக்குள் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36.2 விழுக்காடு, பெண்கள் 26.9 விழுக்காடு. அந்த வயதினரில் முந்தைய வாரத்தில் சமூக ஊடகத்துக்காகப் போனை எடுத்தவர்கள் 76 விழுக்காடு, படிப்புக்காக எடுத்தவர்கள் 57 விழுக்காடு. இன்றைக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பள்ளி ஒவ்வொன்றும், அண்ணன் போனைத் தரும்வரை காத்திருக்கும் தங்கை ஒருத்தியைத் தன் வகுப்பில் வைத்திருக்கிறது.

பெங்களூர்த் தமிழர்களைப் பொறுத்தவரை மொழி தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். கர்நாடகப் பாடநூல் கழகம் தமிழிலும் பாடநூல் அச்சிடுகிறது. தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கின்றன. ஆனால் பாடநூலுக்கு வெளியே அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. ரோகிணி நிலேகணி 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டோரிவீவர்' என்ற கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. கதைகளை யாரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டுக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. இன்று அங்கே 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் எடுத்து, வீட்டில் தமிழ் பேசி வெளியில் கன்னடம் கேட்டு வளரும் ஒரு பிள்ளையிடம் கொடுக்க முடிகிறது. அச்சகமும் கடையும் லாபம் பார்க்க முடியாது என்று கைவிட்ட சிறு வாசகக் கூட்டத்துக்கு இணையம் செய்த நல்லதில் இதை முன்வரிசையில் வைப்பேன். எக்ஸ்டெப் அறக்கட்டளையின் சன்பேர்ட் மென்பொருளின் மேல் எழுந்து, 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளம் இதைவிடப் பல மடங்கு பெரியது. 2018இல் வந்த தமிழகப் புதிய பாடநூல்களில் அந்தத் தளத்துக்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கும் ஒரே பொருளான பாடநூலிலிருந்து தொடங்கியது சரியான முடிவு. குறியீட்டைத் திறந்தால் வருவது பிள்ளையின் படிக்கு ஏற்ப மாறுமா என்பதுதான் மிஞ்சும் கேள்வி.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் பெங்களூரின் சிக்ஷணா அறக்கட்டளையும் சேர்ந்து 2023இல் 'சிக்ஷா கோபைலட்' என்ற கருவியைக் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் கொண்டுபோனார்கள். மாநிலப் பாடநூலை அடிப்படையாக வைத்து, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சில நிமிடங்களில் பாடக்குறிப்பு தயாரித்துத் தரும். சுற்றிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்யக்கூடிய செயல்பாடுகளையும் சொல்லும். இம்முறை கருவி பிள்ளையின் முன் வைக்கப்படாமல் ஆசிரியரின் கையில் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் கற்றது இதில் தெரிகிறது. அதைப் பயன்படுத்திய ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வில், பாடக்குறிப்பு எழுதும் நேரமும் மன அழுத்தமும் குறைந்ததும், செயல்பாடுகளோடு பாடம் நடத்துவது கூடியதும் தெரிந்தன. ஆள் பற்றாக்குறையும் நிர்வாக வேலையும் அதற்கு மேல் எதையும் மாறவிடவில்லை என்பதும் தெரிந்தது.

அந்த ஆய்வில் என் மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஆசிரியர்களுக்கு அந்தக் கருவி பயன்பட்ட வழிகளில் ஒன்று, அதிகாரிகள் கேட்கும் ஆவணங்களைத் தயார்செய்வது. கர்நாடகத்தில் மாணவர் விவரங்களைச் 'சாட்ஸ்' தளத்தில் ஏற்ற வேண்டும். தமிழகத்தில் அதே போன்ற 'எமிஸ்' தளத்தின் வேலையால் வகுப்பு நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியிருக்கின்றன. தமிழக அரசு ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்து, 22,000க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைத்திருக்கிறது. அந்தக் கைக்கணினி ஒரு நாளில் எவ்வளவு நேரம் பிள்ளைக்காகத் திறக்கிறது, எவ்வளவு நேரம் அலுவலகத்துக்காகத் திறக்கிறது என்று இரண்டு மாநிலங்களும் அளந்து வெளியிட வேண்டும். அளப்பது கடினமான வேலையும் இல்லை, கருவிக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. ஆவணங்களைக் குறைப்பதற்கு ஓர் அரசாணை போதும். சாமராஜநகரில் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு மதிய உணவுக் கணக்கையும் எழுதும் ஆசிரியருக்குத் துணையாக இன்னொருவரை நியமிக்கும் கோப்பு, மாநிலத் தலைமைச் செயலகமான விதான சவுதாவில் கையெழுத்தாக வேண்டியது. அதை எந்தச் செயலியும் செய்துதரப் போவதில்லை.